எவரெஸ்ட் படத்தில் இடம்பெறாத மூன்று பேர்

2015இல் வந்த ‘எவரெஸ்ட்’ படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். 1996 மே 10 அன்று உச்சியில் வீசிய புயலின் கதை. நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பகல் 2 மணிக்குள் உச்சியை எட்டாதவர்கள் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. டக் ஹேன்சன் என்ற தபால் ஊழியரை முந்தைய ஆண்டு உச்சிக்கு அருகிலிருந்து திருப்பி அழைத்து வந்தவர் வழிகாட்டி ராப் ஹால். இந்த முறை திருப்பி அனுப்ப ஹாலுக்கு மனம் வரவில்லை. 4 மணிக்கு மேலும் காத்திருந்து அவரைக் கூட்டிச் செல்கிறார். அந்த இரக்கமே இருவர் உயிரையும் குடித்துவிட்டது. கர்ப்பிணி மனைவியோடு ஹால் ரேடியோவில் பேசும் இடத்தில் யாருக்கும் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்தப் புயலில் மாண்டவர்கள் எட்டுப் பேர். படம் அழுவது ஐந்து பேருக்கு. மீதி மூவர் நம் இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர்: செவாங் சமன்லா, செவாங் பால்ஜோர், டோர்ஜே மோரூப். திபெத் பக்கமாக, வடக்கு வழியில் ஏறியவர்கள். தெற்கு வழியில் ஏறியவர்களின் கதை இது என்று படத்துக்காகச் சமாதானம் சொல்லலாம். எனக்கு ஆறவில்லை. மலையும் அதுதான், புயலும் அதுதான்.

தர்மபுரியில் விடியும் முன் ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். அரூர், பென்னாகரம் பக்கத்துப் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். மத்தியப் படைகளின் காவலர் தேர்வுக்கு 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். ஒருவனுடைய ஷூவில் பெருவிரல் பக்கம் கிழிந்து, நூலால் தைத்திருக்கிறது. அவன் தங்கை வரப்பில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்க்கிறாள். இதே தேர்வில் தேறினால்தான் எல்லைக் காவல் படைக்கும் போக முடியும். பால்ஜோரும் லடாக்கில் ஒரு கிராமத்துப் பையன்தான். இறந்தபோது வயது 28.

அவருடையது என்று பலரும் நம்பும் உடல், பச்சைக் காலணியோடு 8,500 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைக் குடைவில் பல ஆண்டுகள் கிடந்தது. ஏறுகிறவர்கள் அதை வழி அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். பெற்ற தாய் இதைக் கேட்டால் என்ன பாடுபடுவாள்!

அந்தக் காவல் படைக் குழுவில் உச்சிக்குக் கிளம்பியவர்கள் ஆறு பேர். மூவர் பாதியில் இறங்கிவிட்டார்கள். மற்ற மூவர் மாலையில் ரேடியோவில் உச்சியை அடைந்துவிட்டதாகச் சொன்னார்கள், கீழே முகாமில் கொண்டாட்டம். அவர்கள் நின்றது உண்மையான உச்சிதானா என்ற கேள்வி பிறகு எழுந்தது. இரவு வந்தது, அவர்கள் வரவில்லை.

இறங்கி வந்த மூவர் அந்த முடிவை எப்படி எடுத்தார்கள்? போனவர்களைத் தடுத்துப் பார்த்தார்களா? கொண்டாடிய முகாம் அன்றிரவை எப்படிக் கழித்தது? இதை யாராவது படமாக எடுங்கள். லடாக்கி மொழியிலேயே எடுங்கள், தமிழில் சப்டைட்டில் போட்டால் போதும். தர்மபுரியில் திரையிட்டால் அந்த மைதானத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் டிக்கெட் என் செலவு.