யார் யாரை மன்னிப்பது?

2025 ஜூன் 12 அன்று நைஜீரிய அதிபர் போலா டினுபு ஒன்பது பேருக்கு மன்னிப்பு வழங்கினார். ஒன்பது பேருமே உயிரோடு இல்லை. 1995 நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் அவர்களைத் தூக்கில் போட்டதே நைஜீரிய அரசுதான். மன்னிப்போடு தேசிய விருதும் உண்டாம். செய்தியைப் பகிர்ந்த நண்பர் "தாமதமானாலும் நல்ல விஷயம்தானே" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் போட உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

ஒன்பது பேரில் உலகம் அறிந்தவர் கென் சாரோ-விவா. எழுத்தாளர். நைஜீரியா முழுக்க விழுந்து விழுந்து சிரித்த ஒரு டிவி நகைச்சுவைத் தொடரை எழுதித் தயாரித்தவர். நைஜர் டெல்டாவில் இருக்கும் ஒகோனி நிலத்துக்காரர். ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு, அப்போது சுமார் 5 லட்சம் மக்கள், விவசாயமும் மீன்பிடிப்பும்தான் பிழைப்பு. 1958இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. ஷெல் நிறுவனம் எடுத்தது, அரசு பங்கு வாங்கிக்கொண்டது. வயலுக்குள்ளும் வீட்டு வாசலிலும் குழாய் ஓடியது. கசிந்த எண்ணெய் ஓடைக்கும் அலையாத்திக் காட்டுக்கும் போனது.

1990இல் ஒகோனி மக்கள் தங்கள் உரிமைகளை எழுதி அரசிடம் கொடுத்தார்கள். 1993 ஜனவரி 4 அன்று ஏறத்தாழ 3 லட்சம் பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். 5 லட்சத்தில் 3 லட்சம்! கைக்குழந்தைகளையும் நடக்க முடியாத கிழவர்களையும் கழித்தால் வீட்டில் யார் மிச்சம் இருந்திருப்பார்கள்? அந்த வருடமே ஷெல் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது.

அப்புறம் ராணுவம் வந்தது. 1994 மே மாதம் ஒகோனித் தலைவர்கள் நான்கு பேரை ஒரு கும்பல் கொன்றது. கொடூரமான கொலை. அந்தக் குடும்பங்களின் துக்கத்தை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அன்று சாரோ-விவாவை அந்த ஊருக்குள் போக விடாமல் தடுத்து அனுப்பியதே ராணுவம்தான். இருந்தாலும் அவர் தூண்டிவிட்டார் என்று வழக்கு. மற்ற எட்டுப் பேர் மீதும் அந்தக் கொலைக்காகவே வழக்கு. சானி அபாச்சாவின் ராணுவ ஆட்சி அமைத்த சிறப்புத் தீர்ப்பாயம் விசாரித்தது; அதில் மேல்முறையீடு கிடையாது. இதற்கு மேல் இங்கே நியாயம் கிடைக்காது என்று அவர்களுடைய வக்கீல்கள் வெளியேறினார்கள். காசு கொடுத்துத் தங்களைப் பொய் சொல்ல வைத்தார்கள் என்று அரசுத் தரப்புச் சாட்சிகள் சிலரே எழுதிக்கொடுத்தார்கள். தீர்ப்பு வந்து பத்தே நாளில் தூக்கு. உடலைக்கூட வீட்டாரிடம் தரவில்லை.

அந்த நேரத்தில் ஆக்லாந்தில் காமன்வெல்த் மாநாடு. நைஜீரியாவை இடைநீக்கம் செய்தார்கள். விசா தடை, ஆயுதத் தடை எல்லாம் வந்தன. எண்ணெய் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. அபாச்சாவுக்கு வேறென்ன வேண்டும்?

மக்களிடம் வரி வாங்கிப் பிழைக்கும் அரசு ஒப்புக்காவது அவர்கள் முகத்தைப் பார்க்கும். எண்ணெய்க் காசில் பிழைக்கும் அரசுக்கு, வாங்குகிறவன் முகம் மலர்ந்திருந்தால் போதும். நிலத்துக்கு அடியில் இருப்பது அரசுக்குச் சொந்தம் என்று 1969இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மேலே குடியிருப்பவர்கள் வெறும் இடைஞ்சல்தான். அவர்களில் ஒருவர் வாயைத் திறந்தால், அவரை எதிர்க்கட்சி என்றுகூடக் கூப்பிட மாட்டார்கள். நேராகத் தேசத்துரோகிதான்.

என் சித்தப்பா மகன் சில வருடம் போர்ட் ஹார்கோர்ட்டில் வேலை பார்த்தான். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்தால் கரி ஒட்டியிருக்குமாம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருமாம். அதற்குப் பெரிய காரணம் கம்பெனிகள் இல்லை, திருட்டு எண்ணெயைக் காட்டுக்குள் காய்ச்சும் உள்ளூர் ஆட்கள் என்றான். உண்மைதான். கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் மீனும் நிலமும் போன ஊரில் பையன்கள் வேறு எதைக் காய்ச்சுவார்கள்?

2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி நிலத்தை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது. நிசிசியோகென் ஓகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்றுத் தண்ணீரில் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் போல 900 மடங்குக்கு மேல். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. எல்லாவற்றையும் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருடம் ஆகும் என்றார்கள். ஷெல் நிறுத்தி அப்போதே 18 வருடம் ஆகியிருந்தது.

நீதிமன்றக் கதை தனி. தூக்கிலிடப்பட்டவர்களின் குடும்பங்கள் ஷெல் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டிருந்தன. 2009இல், அது விசாரணைக்கு வரும் நேரத்தில், ஷெல் 1.55 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை, மனிதாபிமானத்தில் கொடுப்பதாகச் சொன்னது. தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான பரினெம் கியோபெலின் மனைவி எஸ்தர் சமரசத்துக்குப் போகவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 2013இல், அவர் வழக்குப் போட்ட அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டில் நடந்ததற்குப் பொருந்தாது என்றார்கள். பிறகு நெதர்லாந்தில் ஹேக் நகர நீதிமன்றத்துக்குப் போனார். 2022இல், ஆதாரம் போதாது என்று முடித்தார்கள்.

இப்போது நண்பருக்கு வருகிறேன். தப்பு செய்தவரைத்தான் மன்னிக்க முடியும். ஒன்பது பேரும் குற்றமற்றவர்கள், அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவியுங்கள் என்பதுதான் அந்தக் குடும்பங்கள் இத்தனை வருடமாகக் கேட்பது. மன்னிப்பு என்றால் பழைய தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்று பொருள். கண்ணகி சிலம்போடு வந்து நின்றபோது பாண்டியன் "சரி, கோவலனை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் நாம் அந்தக் கதையை இத்தனை நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருப்போமா? கள்வன் தான்தான் என்று அல்லவா அவன் சொன்னான்.

இன்னொன்றும் உண்டு. மன்னிப்பு அறிவித்த அதே 2025இல், ஒகோனி நிலத்தில் மறுபடி எண்ணெய் எடுப்பது பற்றி அரசு அங்குள்ள தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தது. 30 வருடத்துக்கு மேல் மூடிக்கிடந்த கிணறுகள். நண்பர் பகிர்ந்த செய்தியில் அந்த வரி கடைசியில் இருந்தது. அதுவரை அவர் படித்தாரா தெரியவில்லை.