‘பிளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதி’ என்பது பொய்

யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் திரும்பவும் அந்தச் செய்தி சுற்றுகிறது: ஒரு சின்னப் பெட்டியை பிளக்கில் செருகினால் போதும், வீட்டில் வேறொன்றையும் மாற்றாமலே மின்கட்டணம் பாதியாகிவிடுமாம். தயவுசெய்து காசைக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெட்டிகளுக்குள் வழக்கமாக இருப்பது ஒரு கப்பாசிற்றரும் எரிகிற சின்ன லைற்றும்தான். கப்பாசிற்றர் மின்திறன் காரணியை, அதாவது இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை, திருத்தும், அது உண்மை, கேவிஏ கணக்கில் அளக்கிற உச்ச மின்தேவைக்கும் கட்டணம் கட்டுகிற பெரிய தொழிற்சாலைகளுக்கு அதனால் லாபமும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டு மீற்றர் எண்ணுவது கிலோவாற் மணி, அதாவது உண்மையில் செலவான அலகுகள். அதை இந்தப் பெட்டி குறைக்காது.

செலவழிக்க காசு இருந்தால் ஃபானில் போடுங்கள். சாதாரண சீலிங் ஃபான் ஏறக்குறைய 75 வாற்ஸ் இழுக்கும், நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் 27 அலகு. பிஎல்டிசி (BLDC) எனப்படும், மின்சாரம் குறைவாக இழுக்கிற மோட்டார் உள்ள ஃபான் 30 வாற்ஸ் அளவில் ஓடும், அதே நேரத்துக்கு 11 அலகுதான். எங்கள் வெயிலுக்கு ஃபானை நிற்பாட்டவும் முடியாது, அதனால் கொடுத்த காசு திரும்பி வரும். அதோடு இலங்கையில் கட்டணம் படிப்படியாக ஏறுவது, மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகுகளுக்கே கூடின விலை, ஆகவே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடுகளுக்கு இந்த 16 அலகு பெரிய விசயம்.

சரி, ஏற்கெனவே வாங்கியவர்கள்? மற்றதெல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு ஒரு ஃபானை மட்டும் ஓடவிட்டு, பெட்டியோடும் பெட்டியில்லாமலும் செலவாகிற மின்சாரத்துக்கு ஏற்ப மின்னுகிற மீற்றரின் சிவப்பு லைற் எத்தனை தரம் மின்னுகிறது என்று ஒரே அளவு நேரம் எண்ணிப் பாருங்கள்.