ஒரே மஞ்சள் விளக்கு, ஐந்து கோளாறு

இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசி அலறுகிறது. தொலைத்தொடர்பு நிலையம் ஒன்று முழுவதுமாக நின்றுவிட்டதாம். "முன்பே பார்த்திருக்கக் கூடாதா?" என்று முதல் கேள்வியே என்மேல் பாய்கிறது. பதிவேட்டைத் திறந்தால், அந்த நிலையத்திலிருந்து கடைசியாக வந்த தகவல் 19 நாட்களுக்கு முந்தையது. அதுவும் ஒரே வரி: "ரெக்டிஃபையர் அலாரம்." ரெக்டிஃபையர் என்பது ஏசி மின்சாரத்தை நிலையத்துக்கு வேண்டிய டிசியாக மாற்றும் சாதனம்; மாட்யூல் எனப்படும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும். எந்த மாட்யூல், என்ன கோளாறு, எவ்வளவு அவசரம், எதுவும் அதில் இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. கதவைத் திறக்கிறேன். ஐந்து மாட்யூல்களில் மூன்றில் மஞ்சள் எரிகிறது. அந்த மஞ்சளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் மாட்யூல் போய்விட்டது. மஞ்சள் என்றால்? விசிறி நின்றாலும் மஞ்சள். சூடு தாங்காமல் மாட்யூல் தன் திறனைத் தானே குறைத்துக்கொண்டாலும் மஞ்சள். உள்ளே வரும் ஏசி மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறினாலும் மஞ்சள், இறங்கினாலும் மஞ்சள். எல்லா மாட்யூல்களையும் கண்காணிக்கும் கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்தால் அதே மஞ்சள் மினுக்குகிறது; வேறொரு தயாரிப்பில் அந்த மினுக்கலுக்கு வேறு பொருள். சிவப்பு ஆபத்து, மஞ்சள் இயல்பு பிறழ்வு, பச்சை இயல்பு நிலை என்று நிறங்களுக்குப் பொருள் சொல்ல ஐ.இ.சி. 60073 என்ற தரநிலை இருக்கிறது. சரி, இயல்பு பிறழ்ந்துவிட்டது. எது பிறழ்ந்தது என்று யார் சொல்வது? என்னோடு வேலை செய்யும் ஒருவருக்குச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசமே தெரியாது, பிறவியிலேயே நிறக்குறைபாடு. அவர் என்ன செய்வார்? விசிறிப் படம் போட்ட தனி விளக்கு ஒன்றை முகப்பில் வைக்க எத்தனை அங்குலம் வேண்டும்?

ஒரு விசிறிக்காக ஏன் இத்தனை கோபப்படுகிறேன் என்று கேட்கலாம். 96 சதவீதத் திறன் என்று பெருமையாக எழுதியிருக்கும் 3000 வாட் மாட்யூலே முழுச் சுமையில் 125 வாட் வெப்பத்தைக் கக்கும். கைக்கு அடக்கமான ஒரு பெட்டிக்குள் அத்தனை சூடு. அதை வெளியே தள்ள இருப்பது அந்தச் சின்ன விசிறி மட்டும்தான். உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. இதெல்லாம் தெரிந்தும், காற்று நுழையும் ஃபில்டரை மாதக்கணக்கில் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கையில் எடுத்தால் கம்பளிப் போர்வை போல் தூசி. காலியான இடத்தை மூடும் தகட்டையும் கழற்றி எங்கோ போட்டுவிட்டார்கள். பின்பக்கம் போன சூட்டுக்காற்று அந்த ஓட்டை வழியாகவே முன்பக்கம் வந்து மறுபடி உள்ளே போகிறது.

19 நாட்களுக்கு முன் முதல் மாட்யூலின் விசிறி நின்றிருக்கிறது. அலாரம் வந்தது. மீதி நான்கு தாங்கும் என்று யாரோ "அறிந்த கோளாறு" எனக் குறித்து வைத்தார்கள். இங்கேதான் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லா மாட்யூல்களின் எல்லாக் கோளாறுகளும் சேர்ந்து ஒரே ஒரு ரிலே, அதாவது அலாரத்தை வெளியே அனுப்பும் ஒரு சுவிட்ச், வழியாகப் போகின்றன. முதல் கோளாறிலேயே அந்த ரிலே மாறிவிட்டது. இரண்டாவது விசிறி நின்றபோது மாறுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாவது மாட்யூல் சூட்டில் திறன் குறைந்தபோதும் அப்படியே. தொலைவில் திரைமுன் இருப்பவருக்கு அது அதே பழைய அலாரம்தான்.

மாட்யூல் ஒவ்வொன்றும் 50 ஆம்பியர். நிலையக் கருவிகள் இழுக்கும் சுமை 150. பேட்டரியை நிரப்ப ஒரு மாட்யூல், உபரியாக ஒன்று; கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். இரண்டு மாட்யூல் சூட்டில் தாமாகவே அணைய, மூன்றாவது திணற, பேட்டரிக்குத் தர ஒரு ஆம்பியர்கூட மிச்சமில்லை. சுமையின் ஒரு பகுதியையே பேட்டரி சுமந்து வடிந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் அன்றிரவு மின்சாரம் போனது. மணிக்கணக்கில் தாங்க வேண்டிய பேட்டரி நிமிடங்களில் 43.2 வோல்ட்டுக்கு இறங்கியது. அது மேலும் வடிந்து பாழாகாமல் கன்ட்ரோலர் சுமையைத் துண்டித்தது. அந்தச் சுமை வெறும் எண் இல்லை. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஆம்புலன்ஸுக்கு அழைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

கன்ட்ரோலரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தனித்தனி அலாரங்களுக்கென்று ஆறு ரிலே முனைகள். கம்பி இணைத்திருந்தது ஒன்றில் மட்டும். நிறுவியவர்களைக் கேட்டால், "ஒன்றுதான் கேட்டார்கள்" என்கிறார்கள். கேட்டவர்களோ, "ஒன்று போதும் என்று சொன்னார்கள்" என்கிறார்கள்.

மறுநாள் நானே உட்கார்ந்து கம்பி இழுத்தேன். விசிறிக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, இரண்டாவது மாட்யூல் போனால் அவசரம் என்று ஒன்று, ஏசி இல்லை என்பதற்கு ஒன்று, பேட்டரி மின்னழுத்தத்துக்கு ஒன்று. பத்து மீட்டர் கம்பியும் ஒரு பிற்பகலும் போதுமாக இருந்தது.