எழுதி வைக்காத கண்மாய்

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று ஊர்க்காரர்கள் கொண்டு வருகிற மனுக்களை டைப் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. "எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க நெலந்தான் சார்" என்று ஆபீசில் போய்ச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தேதியும் சர்வே நம்பரும் போட்ட தாள் ஒன்றை நீட்டினால்தான் பேச்சே தொடங்கும். இது எனக்குப் பல வருடமாகத் தெரிந்த விஷயம். நிலத்துக்கு இருக்கிற இதே நிலைமைதான் கண்மாய்க்கும் அதில் இருக்கிற பறவைக்கும் மீனுக்கும் என்று உறைத்தது 2024 டிசம்பரில்தான்.

அந்த வருடம் நவம்பர் 7ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மொத்தம் 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நாயக்கர்பட்டி எல்லாம் அதற்குள் வருகிறது. எங்கள் ஊர் அந்த எல்லைக்குக் கொஞ்சம் வெளியே. ஆனால் சொந்தபந்தம் பாதிப்பேர் உள்ளேதான். அடுத்த இரண்டு மாதம் என் கடையில் மெஷின் ஓயவில்லை. திரும்பத் திரும்ப வந்து பிரதி கேட்டது ஓர் அரசாணைக்குத்தான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரிலும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்த ஆணை. சுமார் 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, பொனெல்லி கழுகு, எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள். அந்தப் பட்டியல் ஓர் அதிகாரி ஒரு நாள் ஜீப்பில் வந்து எழுதிக்கொண்டு போனது அல்ல. ஊர்க்காரர்களும் மதுரைப் பறவை ஆர்வலர்களும் வருடக்கணக்கில் மலையேறி, பார்த்து, குறித்து, படம் எடுத்துச் சேர்த்தது.

டிசம்பர் 24ஆம் தேதி ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தொகுதிக்குள் பல்லுயிர் பாரம்பரியத் தலம் இருக்கிறது என்று கோரிக்கைகள் வந்திருக்கின்றன, ஆகவே அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று புவியியல் ஆய்வுத் துறை பார்க்கட்டும் என்பது அதன் சாரம். மொத்தம் 20.16 சதுர கிலோமீட்டரில் அந்தத் தலம் 1.93 சதுர கிலோமீட்டர்தான் என்றும் எழுதியிருந்தார்கள்.

கடையில் அதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். எழுதப்பட்டிருந்த 193 ஹெக்டேருக்கு ஒரு நியாயம், எழுதப்படாத மீதி 1,800 ஹெக்டேருக்கு வேறொரு நியாயம். கிடாரிப்பட்டிக் கண்மாய்க்குக் கூழைக்கடா வருவதில்லையா? வல்லாளப்பட்டி வயலில் மயில் மேய்வதில்லையா? எல்லாம் உண்டு. ஆனால் எந்தத் தாளில் இருக்கிறது?

முன்னும் பின்னும் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9இலேயே சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான பேர் நடந்தார்கள். ஜனவரி 23இல் ஏலமே ரத்தானது. அந்தக் கால்கள்தான் காப்பாற்றின, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டெல்லியில் இருக்கிற ஆபீசை முதன்முதலில் நின்று யோசிக்க வைத்தது அந்தப் பட்டியல். ரத்துச் செய்த அறிவிப்பிலும் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்ற வார்த்தை ஒரு காரணமாக நிற்கிறது.

அந்த வேகத்தில்தான் எங்கள் ஊருக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடப் போனேன்.

பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் முதல் வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. ஊரில் என்ன மரம், என்ன மீன், என்ன நெல் ரகம், என்ன மூலிகை, யாருக்கு எது தெரியும் என்பதை ஊர்க்காரர்களிடமே கேட்டு எழுதுவது. சூழலியலாளர் மாதவ் காட்கில் போன்றவர்கள் தொண்ணூறுகளிலேயே செய்து காட்டிய அருமையான யோசனை. சட்டம் வந்து பதினைந்து பதினாறு வருடம் நாடு முழுக்கப் பெரும்பாலான ஊர்களில் ஒன்றும் நடக்கவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்தது. தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அவ்வளவுதான், பதிவேடுகள் வந்து குவிந்தன. இன்று நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

எங்கள் ஊர்ப் பதிவேட்டைப் பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது. எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதப் போவதில்லை, அங்கே இருக்கிற ஒருவர்தான் கடைசியில் பீரோவில் தேடி எடுத்துக் கொடுத்தார். ஸ்பைரல் பைண்டிங். முழுக்க ஆங்கிலம். முதல் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர், பதினோராம் பக்கத்தில் பக்கத்து ஒன்றியத்து ஊர்ப் பெயர். நீர்நிலைகள் என்ற பத்தியில் ஓர் ஆறு இருந்தது. எங்கள் ஊரில் ஆறே கிடையாது. இருக்கிற இரண்டு கண்மாயும் அதில் இல்லை. நெல் ரகம், பயறு ரகம் எல்லாம் வெறும் கட்டங்கள். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு பெயரும் இல்லை. பக்கம் புரட்டப் புரட்ட வயிறு எரிந்தது. நாளைக்கு ஒரு கம்பெனி வந்து இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், சட்டப்படி நீட்ட வேண்டிய தாள் இதுதான். ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால்கூட இனி எழுதலாம் என்று இருக்கும். தப்பாக எழுதி முடித்துவிட்டால், முடிந்த வேலையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

சரி, நாமே தொடங்குவோம் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கண்மாய்க்குப் போகத் தொடங்கினேன். பறவை பார்க்கிற தம்பிகள் இரண்டு பேர் மதுரையிலிருந்து வந்து பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இ-பேர்டு செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்ததில் என்னை அசைத்தது ஒரு விஷயம். அபூர்வமான பறவையை மட்டும் போடாதீர்கள் அண்ணே, பார்த்தது எல்லாவற்றையும் போடுங்கள், காக்கையையும் போடுங்கள், எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்றும் போடுங்கள் என்றார்கள். ஏன் என்று முதலில் புரியவில்லை. முழுப் பட்டியல் போட்டால்தான், அதில் வராத பறவை அன்று கண்ணில் படவே இல்லை என்று அர்த்தமாகும். ஒரு மார்கழியில் நாமக்கோழி 43 என்று எழுதியிருக்கிறேன். அடுத்த தையில் அதே கலுங்கில், அதே ஒரு மணி நேரம் நின்று எழுதிய பட்டியலில் நாமக்கோழியே இல்லை. அந்த இல்லாமை இப்போது தேதியோடு பதிவாகியிருக்கிறது. "முன்னெல்லாம் நெறைய வரும்" என்ற பேச்சுக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

சிட்டுக்குருவிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் டவரால் குருவி அழிந்தது என்று பத்து வருடம் பேசினோம், மேடை போட்டுப் பேசினோம். 2020இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. நாடெங்கும் 15,500 பேர் இ-பேர்டில் போட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து எழுதியது. பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, நாடு முழுதாகப் பார்த்தால் கடந்த 25 வருடத்தில் குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்று அது சொன்னது. நாம் குருவிக்காக அழுத நேரத்தில் கழுகுகளும், தூரதேசத்திலிருந்து வருகிற உள்ளான்களும் குறைந்துகொண்டிருந்ததையும் அதுதான் காட்டியது. 2023இல் வந்த அடுத்த அறிக்கைக்கு 30,000 பேர், மூன்று கோடிப் பதிவுகள். 2015இலிருந்து இங்கே பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் போட்ட பட்டியலும் அதே கடலில்தான் சேர்கிறது. சம்பளம் வாங்காத ஆட்கள் செய்த வேலை இது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதுதான் அதன் பலம்.

ஆனால் பறவைக்கு இருக்கிற இந்த வசதி மீனுக்கு இல்லை, புல்லுக்கு இல்லை, நெல்லுக்கு இல்லை. அதெல்லாம் இருக்கிறது மனுஷர்கள் மண்டைக்குள்.

எங்கள் கண்மாயில் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் எடுப்பவரிடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். மடைக்குப் பக்கத்தில் அவரோடு உட்கார்ந்து ஒரு காலையில் எழுதினேன். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரால், அயிரை. அயிரை எந்த மாதம் வரத்துக் கால்வாயில் எதிர்த்து ஏறும், எந்த மழைக்கு ஏறும், எந்த மழைக்கு ஏறாது என்று விரல் மடக்கிச் சொன்னார். "ஜிலேபிக் கெண்டையக் கொண்டாந்து விட்டானுக பாரு, அதுக்கப்புறந்தான் மாப்ள அயிரை கொறஞ்சது" என்றார். எந்த வருடம் மாமா என்று கேட்டேன். யோசித்தார். "எம் மூத்தவ சடங்கான வருசம்." வீட்டுக்குப் போய் அந்த அக்காவிடமே கேட்டு வருடத்தை எழுதினேன். யார் சொன்னார், எங்கே, எந்த வருடத்தைப் பற்றி என்ற மூன்றும் இருந்தால்தான் அது தகவல். இல்லாவிட்டால் திண்ணைப் பேச்சோடு போய்விடும்.

பெயரும் முக்கியம். எங்கள் ஊரில் நாரை என்றால் மூன்று பறவையைச் சொல்வார்கள், கொக்கு என்றால் ஐந்தை. ஊர்ப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் ஒரே வரியில் சேர்த்து எழுதவில்லை என்றால், விஞ்ஞானிக்கு எங்கள் பேச்சு உதவாது, எங்களுக்கு அவர் அறிக்கை உதவாது. பதிவேடு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதை நான் எதிர்ப்பது மொழிப்பற்றினால் மட்டும் இல்லை. தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆட்களால் அதைப் படிக்க முடியவில்லை என்பதுதான் என் கோபம்.

எல்லாவற்றையும் திறந்து போட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பாறை இடுக்கில் தேவாங்கு இருக்கிற இடத்தை மேப்போடு முகநூலில் போடுகிறவர்களை இங்கேயே பார்க்கிறேன். மாந்திரீகத்துக்கு அதைப் பிடித்து விற்கிற கூட்டமும் இதே முகநூலில்தான் இருக்கிறது. நட்சத்திர ஆமைக்கும் அதே கதி. இ-பேர்டிலேயே ஆபத்தில் இருக்கிற சில பறவைகளின் சரியான இடத்தை மறைத்துத்தான் வைக்கிறார்கள். தயவுசெய்து கூட்டின் படத்தை, இடத்தைப் போடாதீர்கள்.

மருந்து விஷயம் இன்னும் நுட்பமானது. 1987இல் அகத்தியமலையில் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் நடக்கச் சின்னப் பழம் ஒன்றைத் தின்பதை விஞ்ஞானிகள் பார்த்தார்கள். அந்தப் பழம் காய்க்கிற ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஒப்பந்தமானது, உலகமே பாராட்டியது. ஆனால் அவர்களுடைய வைத்தியர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். இது வெளியே போக வேண்டிய அறிவு இல்லை என்பது அவர்கள் வாதம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பாம்புக்கடிக்கு இலை தெரிந்த ஒரு அப்பத்தா எங்கள் ஊரில் உண்டு. அவர் சொல்ல மாட்டேன் என்றார். "விவரம் தெரிந்தவர் ஒருவர் உண்டு, பகிர விருப்பமில்லை" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நோட்டில் 112 பக்கம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறேன், தேதி வாரியாக, இடம் வாரியாக. ஊராட்சியிடம் நான் கேட்பது ஒன்றுதான். வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது பல்லுயிர்ப் பதிவேட்டைத் தமிழில் சத்தமாக வாசியுங்கள். வரவு செலவு வாசிக்கிற மாதிரி. தப்பு இருந்தால் ஊர் சொல்லும், விடுபட்டிருந்தால் ஊர் சேர்க்கும்.

வருகிற மே 1 கிராம சபைக்கு மனு டைப் அடித்து வைத்துவிட்டேன். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் அந்த மீன்பாசிப் பெரியவர் கடைக்கு வந்தார். பட்டியலை வாசித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "உளுவைய விட்டுட்டியே மாப்ள" என்றார். பெருவிரலில் மை தடவி மனுவில் ரேகை வைத்துவிட்டு, உளுவையை எழுதினேனா என்று இன்னொரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார்.