மில்லுக்கு முன்பே கேட்டவர்கள்

"பெண்கள் ஆண்களுக்குச் சமம் என்று முதன்முதலில் வாதாடியவர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1869-ல்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆங்கிலத் தத்துவஞானியான மில் முக்கியமானவர், சரி. 'முதன்முதலில்' என்பதுதான் இடிக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமைக்காக எழுதிய புத்தகம் 1792-லேயே லண்டனில் வெளிவந்துவிட்டது. மில் பிறந்ததே 1806-ல்! அதற்கும் முன்னால், 1790-ல், பிரான்சில் தத்துவஞானி கொந்தோர்சே பெண்களுக்குக் குடியுரிமை கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு ரொம்பப் பிடித்த வாதம் அதில்தான் இருக்கிறது. கர்ப்பத்தையும் அவ்வப்போது வரும் உடல் உபாதையையும் காட்டிப் பெண்ணுக்கு உரிமை இல்லை என்கிறீர்களே, குளிர்காலம் வந்தாலே கீல்வாதத்தில் முடங்குகிற, சட்டென்று சளி பிடிக்கிற ஆண்களுக்கு ஏன் மறுக்கவில்லை என்று கேட்கிறார். இன்றைக்கும் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் முழிப்பவர்கள் உண்டு.

அப்புறம் ஹாரியட் டெய்லர். பெண்களுக்கு வாக்குரிமை கோரும் அவருடைய கட்டுரை ஒன்று 1851-ல் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' இதழில் பெயர் போடாமல் வந்தது. அதில் தன் பங்கு பதிப்பாசிரியர், சொல்வதை எழுதித் தருபவர் வேலையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான் என்று பின்னாளில் சொன்னவர் வேறு யாருமல்ல, அவர் கணவர் மில்தான்.

மில்லைப் பாராட்ட வேறு இடம் இருக்கிறது. 1867-ல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைக்க, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தேர்தல் சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றுப்போனது.