ஆர்க்கிடெக்சர் ஸ்டுடியோவில் சினிமாவுக்கு என்ன வேலை?

ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகளுக்கு சினிமாவை வைத்துப் பாடம் நடத்த வேண்டும். செமஸ்டர் கடைசியில் மிஞ்சுகிற வகுப்புகளை ஓட்டுவதற்காகச் சொல்லவில்லை. கட்டடங்களை வரைந்து பழகுகிற டிசைன் ஸ்டுடியோ வகுப்பிலேயே, முதலாம் ஆண்டிலேயே, ஸ்கேல் பிடித்து முதல் பிளான் போடுகிற அதே வாரங்களில் காட்ட வேண்டும். "ஸ்டுடியோ நேரத்தில் படமா சாரே?" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள், மகளை பி.ஆர்க் சேர்த்துவிட்டு அஞ்சு வருஷத்துக்குப் பணம் கட்டுகிற அப்பாக்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிளான் என்றால் என்ன? கூரையைத் தூக்கிவிட்டு மேலே இருந்து பார்க்கிற பார்வை. எந்த வீட்டையும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போய், இருட்டுக்குக் கண் பழகி, அப்புறம் நடுமுற்றத்து வெளிச்சம் முகத்தில் விழுந்து, அடுக்களையில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டு, அங்கே போகலாமா கூடாதா என்று ஒரு நொடி தயங்கி, இப்படி ஒன்றன் பின் ஒன்றாகத்தான் ஒரு வீடு நமக்குக் கிடைக்கிறது. எது முதலில் தெரிகிறது, எது கடைசி வரை மறைந்தே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தூரம் உள்ளே வர அனுமதி, இதெல்லாம் நேரத்தோடு சேர்ந்த விஷயங்கள். பிளானில் நேரம் இல்லை, சினிமாவில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது மொத்தமும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடிட்டிங்கையும் கட்டடக்கலையையும் சேர்த்து வைத்து 1930களின் கடைசியில் ஒரு கட்டுரை எழுதினார். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் ஏறிப் போகிறவனுக்கு எந்தக் கோவில் எந்தக் கோணத்தில் முதலில் தெரிகிறது, எது திரும்பும்போது மறைகிறது என்பதை ஷாட் ஷாட்டாகப் பிரித்துக் காட்டினார். அவர் அப்பா ரீகா நகரத்தில் ஆர்க்கிடெக்ட், அவரே சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போனவர். சுசீந்திரத்தில் கோபுர வாசல் தாண்டி, நீண்ட பிரகாரத்தில் தூண்களுக்கு நடுவே நடந்து போகிற எவருக்கும் அந்தக் கட்டுரை சொல்வது உடனே விளங்கும்.

எங்கள் கல்லூரி இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய தக்கலைப் பக்கம். வகுப்பில் பாதிப் பேர் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து வருகிற மலையாளப் பிள்ளைகள், மீதிப் பேர் மார்த்தாண்டம், நாகர்கோவில். கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. மண் தமிழ்நாட்டு மண், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, 1956இல் எல்லை பிரித்தபோது வந்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் பஸ் பிடித்து ஒரு தடவை கூட்டிப் போயிருப்பார்கள், மூலிகைக் கட்டிலையும் பளபளக்கிற கருப்புத் தரையையும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள், அதோடு சரி. அதை ஒரு கட்டடமாகப் பார்த்தவர்கள் வகுப்பில் ரொம்பக் குறைவு.

ஆனால் 'மணிச்சித்ரதாழ்' எல்லோருக்கும் மனப்பாடம். பாசில் இயக்கி 1993இல் வந்த மலையாளப் படம். நான் கொடுக்கிற முதல் பயிற்சி இதுதான்: படத்தில் வருகிற தறவாட்டுக்கு, அதாவது பழைய குடும்ப வீட்டுக்கு, பிளான் வரை. வாசல் எங்கே, தெக்கினி என்கிற தெற்குக் கட்டு எங்கே, ஏணிப்படி எந்தப் பக்கம் இறங்குகிறது, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பூட்டிய அறைக்கு எப்படிப் போவது. உற்சாகமாக ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிடும், ஏனென்றால் பிளான் சேராது. ஒரு கதவைத் தாண்டினால் வேறு மாதிரி தரை, வேறு மாதிரி சுவர். பத்மநாபபுரத்திலும் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் எடுத்த காட்சிகளைச் சேர்த்து ஒரே வீடாக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் தூரம். முன்னது பெரும்பாலும் மரத்தால் ஆன திருவிதாங்கூர் அரண்மனை, மார்த்தாண்ட வர்மா காலத்தில் இப்போதைய உருவத்துக்கு வந்தது. பின்னது கொச்சி ராஜ குடும்பம் 1865இல் கட்ட ஆரம்பித்தது. இருந்தும் படம் பார்க்கும்போது நமக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லையே, அது எப்படி? அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. வெளிச்சத்தின் அளவு, கதவின் அகலம், நடக்கிற ஆளின் வேகம், காலடிச் சத்தம் இவையெல்லாம் பொருந்தியிருந்தால் மனசு தானாக ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கிறது. அப்படியானால் நிஜ வீட்டை வடிவமைக்கிற நமக்கும் இவைதான் கச்சாப் பொருள், சிமெண்டும் கம்பியும் அதற்கு அப்புறம்தான்.

அந்தப் படத்தில் இன்னொன்று உண்டு. நாகவல்லியின் கதையே ஒரு ஜன்னலில்தான் தொங்குகிறது. அடைத்து வைக்கப்பட்ட நடனக்காரியும் எதிர் வீட்டில் குடிவந்த காதலனும். இரண்டு ஜன்னல்கள், நடுவே ஒரு பார்வைக் கோடு. அந்த ஜன்னலை நாலடி தள்ளி வைத்திருந்தால் கதையே கிடையாது என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்வார்கள். ஜன்னலை எலிவேஷனில் (வெளிமுகப்பை வரைகிற படம்) அழகுக்காக வைக்கிற கை அதற்கப்புறம் கொஞ்சம் யோசிக்கும். மலையாளத்தில் அவள் தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழச்சி. அதே கதை 2005இல் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தபோது தெலுங்கு பேசுகிறவளாகிவிட்டாள். எல்லையோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சும்மா கடந்து போகிற விஷயம் இல்லை. வெளியூர்க்காரியை ஒரு வீடு எந்த மூலையில் வைக்கிறது என்பதும் பிளானில் எழுதியிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

படம் பார்த்த கையோடு அரண்மனைக்குப் போக வேண்டும் (திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துக் கொள்ளுங்கள்). போனில் காட்சிகளை வைத்துக்கொண்டு எது இங்கே எடுத்தது, எது இங்கே இல்லை என்று தேடச் சொல்ல வேண்டும். ராஜாவின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலைக்கு ஏறுகிற ஒடுக்கமான மரப்படியில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை, மேலே போனால் சாய்வாக அடுக்கிய மரச்சட்டங்கள் வழியாக வெளிச்சம் கசிகிறது, உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது, காற்று வரும், மழைச் சாரல் வராது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஜன்னல் எது? இதே பிள்ளைகள் சின்ன வயசில் இதே ஜன்னல் முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவைதான் அதைப் பார்க்கிறார்கள்.

அடுத்தது அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்', 1981. மெதுவான படம், முதலில் முனகுவார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஆளுக்கொரு கலர் பென்சில் எடு, யார் எந்த இடத்தில் நடக்கிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே வா. குடும்பத் தலைவன் உண்ணியின் கோடு முன் வராந்தாவில் சாய்வு நாற்காலியைச் சுற்றியே கிடக்கும். அவன் தங்கை ராஜம்மாவின் கோடு அடுக்களைக்கும் உள்ளறைக்கும் நடுவே போய்ப் போய்க் காகிதமே கிழிகிற அளவுக்கு வந்துவிடும். எலிப் பொறியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போகிற கடைசித் தங்கையின் கோடு தனி. ஒரு குடும்பம் எப்படி இற்றுப் போகிறது என்பது அந்தக் காகிதத்தில் தெரிந்துவிடும். சர்க்குலேஷன் டயகிராம் என்று பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. அப்புறம் அவரவர் வீட்டில் அம்மாவின் கோட்டை வரைந்து வரச் சொல்லுங்கள். ஒரு பெண் வரைந்து வந்த ஷீட்டில் அடுக்களை மேடைக்கும் பின்வாசல் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே அவள் அம்மா நடக்கிற கோடு ஒரு கயிறு மாதிரி தடித்துப் போயிருந்தது. அவளுடைய அடுத்த டிசைனில் அடுக்களை இடம் மாறியது, நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தமிழில் பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. வீடு கட்டுவது என்றால் என்ன என்பதை இதைவிட நேராகச் சொன்ன படம் நான் பார்த்ததில்லை. மனை, கடன், அனுமதி, கான்ட்ராக்டர், சிமெண்ட், கடைசியில் நிலமே கையை விட்டுப் போகிற கொடுமை. கட்டுமானச் சட்டம் என்று ஒரு பேப்பர் இருக்கிறதே, அதைத் தொடங்கும் முன் இந்தப் படத்தைப் போட்டுவிடலாம். பாதி எழும்பிய வீட்டுக்குத் தாத்தா தனியாக வந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற காட்சியை, சொக்கலிங்க பாகவதர் நடித்தது, நான் வகுப்பில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன். பூசாத செங்கல்லைத் தொடுகிற கை. நம் கிளையண்ட் யார் என்று அந்தக் கை சொல்கிறது. பிள்ளைகள் அதற்கப்புறம் "எண்ட் யூசர்" என்று எழுதுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுப் படங்களும் வேண்டும். ஜப்பானிய இயக்குநர் ஓசு தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் கேமராவை வைத்தார். 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) எந்தக் காட்சியை எடுத்தாலும் இது தெரியும். நாமும் தரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் ஜன்னல் என்றால் அடிமட்டம் 3 அடி என்று கை தானாகப் போட்டுவிடுகிறது. பாயில் உட்கார்ந்து முறுக்கு சுற்றுகிற பாட்டிக்கு, கட்டிலை விட்டு எழ முடியாத தாத்தாவுக்கு, அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது. ஓசுவின் காட்சியைக் காட்டிவிட்டு, அவரவர் பாட்டி உட்காருகிற இடத்தில் போனை வைத்து ஒரு நிமிஷம் எடுத்து வா என்றால் போதும். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) செக்‌ஷன் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் தெரிகிற படம்) வரைய நல்ல பயிற்சி, எதிர்க் குடியிருப்பு முழுவதையும் சினிமா ஸ்டுடியோவுக்குள்ளேயே செட்டாகக் கட்டினார்கள்.

எப்படிக் காட்டுவது என்பதிலும் சிலது இருக்கிறது. முழுப்படத்தைப் போட்டுவிட்டு "ரெவ்யூ எழுதிக் கொண்டு வா" என்பது வீண் வேலை, கதைச் சுருக்கம்தான் வரும். ஐந்தாறு நிமிஷக் காட்சி போதும். ஒரு தடவை அப்படியே பார்க்கட்டும். அடுத்த தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. அப்புறம் படத்தை அணைத்துவிட்டு சத்தம் மட்டும். இந்த மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஓட்டுக் கூரையில் விழுகிற மழைக்கும் தகரத்தில் விழுகிற மழைக்கும் கான்கிரீட் மேல் விழுகிற மழைக்கும் உள்ள வித்தியாசம், மர மாடியில் நடக்கிற சத்தம் கீழே எப்படிக் கேட்கும் என்பது, இதையெல்லாம் எந்த டிராயிங்கில் சொல்லிக் கொடுக்க முடியும்?

பார்ப்பதோடு நிற்கவும் கூடாது, எடுக்கவும் வேண்டும். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது, செங்கல் கோபுரம், உள்ளே படியே இல்லை, சுற்றிச் சுற்றி ஏறுகிற சாய்தளம், ஓரமாக மேசைகள், சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெளிச்சம். அதன் பிளான் ஒரு வட்டம், அவ்வளவுதான். வாசலில் இருந்து உச்சி வரை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடு, பின்னணி இசை போடாதே என்று அனுப்புங்கள். தட்டோடு ஏறுகிற ஊழியருக்கு வழி விட வேண்டியிருக்கும், மேசையில் இருப்பவர் முழங்கையை இழுத்துக்கொள்வார், ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சம் மாறும். குறைந்த செலவில், சின்ன மனையில், ஒரு மனிதர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது அந்த வட்டத்தைப் பார்த்தால் தெரியாது, ஏறிப் பார்த்தால் தெரியும்.

இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் ஓடுகிற வாக்‌த்ரூ வீடியோக்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூரி அன்று, அதாவது டிசைன்களை மதிப்பிடுகிற நாளில், பிள்ளைகள் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒரு ரெண்டர் வீடியோ போடுகிறார்கள். கேமரா கழுகு மாதிரி வானத்திலிருந்து இறங்கி, சுவரை ஊடுருவி, கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கேயும் நிற்காமல் வெளியே பறந்துவிடுகிறது. மழை கிடையாது, அழுக்கு கிடையாது, காயப்போட்ட துணி கிடையாது. நடமாடுகிற மனிதர்கள் சாஃப்ட்வேரோடு வந்த வெள்ளைக்காரர்கள். பார்க்க சினிமா மாதிரி இருப்பதால் சினிமா என்று நினைத்துவிடக் கூடாது. சினிமாவில் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவர் முடிவெடுக்கிறார், யாருடைய கண் அது என்று ஒரு பதில் இருக்கும். இந்த வீடியோவில் யாருடைய கண்ணும் இல்லை. கேமராவை தரையிலிருந்து 5 அடிக்கு மேல் ஏற்றாதே, நடக்கிற வேகத்தை மீறாதே, வீட்டில் இருக்கிற ஒரு ஆளைச் சொல், அவர் காலையில் எழுந்ததிலிருந்து எடு. இந்த மூன்றையும் கட்டாயமாக்கினால் பாதி டிசைன்களின் ஓட்டை அந்த வீடியோவிலேயே வெளியே வந்துவிடும், ஜூரிக்கு வேலை மிச்சம்.

சினிமா எல்லாவற்றையும் சொல்லித் தராது என்பதும் எனக்குத் தெரியும். பீம் எவ்வளவு ஆழம், கழிவுநீர் எங்கே போகிறது, மேற்கு வெயிலில் அந்த அறை எத்தனை டிகிரி, இதெல்லாம் ஃபிரேமுக்கு வெளியே. படத்துக்காகக் கட்டிய சுவருக்குப் பின்னால் மரச்சட்டம்தான் இருக்கும். சைட்டுக்குப் போகாமல், கொத்தனாரோடு நிற்காமல், ஆசாரி உளி பிடிக்கிறதைப் பார்க்காமல் படம் மட்டும் பார்த்து யாரும் ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது. எதிர்கால நகரங்களைக் காட்டுகிற பிரம்மாண்டப் படங்களை முதலாம் ஆண்டில் நான் தவிர்க்கிறேன், அவற்றைப் பார்த்ததும் எல்லோரும் வளைந்த கோபுரம் வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் நாலாம் ஆண்டில் பார்க்கட்டும். முதலில் திண்ணை, அடுக்களை, ஏணிப்படி, கிணற்றடி.

ஒரு உதவி வேண்டும். குழித்துறை, அருமனை, களியக்காவிளை, பாறசாலை என்று இரண்டு பக்கமும் பழைய ஓட்டு வீடுகள் வேகமாக இடிபடுகின்றன, அந்த இடத்தில் மொட்டை மாடி வீடு வந்து, அது ஒழுக ஆரம்பித்ததும் மேலே தகரம் போடுகிறார்கள். இடிப்பது உங்கள் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. இடிப்பதற்கு முன் பிள்ளைகளை ஒரு நாள் உள்ளே விடுங்கள். வாசலிலிருந்து அடுக்களை வரை ஒரே ஷாட்டில் எடுப்பார்கள், அளவெடுத்து பிளான் வரைவார்கள், இரண்டின் பிரதியும் உங்களுக்குத் தருவார்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களே நடந்து காட்டினால் இன்னும் நல்லது. இன்பாக்ஸில் ஊர் பேரையும் எப்போது இடிக்கப் போகிறீர்கள் என்பதையும் மட்டும் சொல்லுங்கள், மழைக்காலம் என்றாலும் பரவாயில்லை, மழையில் எடுத்தால் எங்களுக்கு இன்னும் உபயோகம்.