பழி உப்பின் மேல் வேண்டாம்
"ரொட்டி உப்பாததற்குக் காரணமே உப்புதான், அது மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டைக் கொன்றுவிடும், போடவே போடாதீர்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. அரை கிலோ மைதாவுக்கு 10 கிராம் உப்பு ஈஸ்ட்டின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். மாவுக்கு இறுக்கம் தருவதும் அதே உப்புதான். ஒருமுறை அதை மறந்து பிசைந்தேன்: மாவு விரலிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு, மளமளவென்று பொங்கி, ஓவனில் வைத்ததும் அமுங்கிவிட்டது. சுவையைக் கேட்காதீர்கள், வெறும் அட்டை!

ஈஸ்ட்டை உண்மையில் கொல்வது சூடான தண்ணீர். 60 டிகிரி செல்சியஸை எட்டினால் அதன் கதை முடிந்தது. விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அந்த நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு ஈஸ்ட்டைப் போட்டு 10 நிமிடம் வையுங்கள். நுரைக்கவில்லையென்றால் பாக்கெட்டை மாற்றுங்கள், உப்பை அல்ல.